அம்மாவின் கால்கள்

ஜவ்வாது மலையில் ஒரு பள்ளி மைதானம். நான் யுகுலேலே சொல்லிக்கொடுத்த பிள்ளைகள், குட்டி கிதார் போன்ற அந்த வாத்தியத்தை இன்று ஊருக்கு முன்னால் வாசிக்கிறார்கள். சாமை அறுப்பை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோரை, வீடியோவில் யாரும் குறுக்கே வரக்கூடாதென்று, நான்தான் நாற்காலிகளில் வரிசையாக உட்காரவைத்திருக்கிறேன். அசையாமல் இருக்கிறார்கள். பாட்டுக்குப் பாட்டு வாசிப்புச் சத்தம் குறைகிறது. முன்னால் நிற்கும் செல்வி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. கூச்சம் என்று நினைக்கிறேன்.

என் பக்கத்து நாற்காலியில் இருக்கும் அவள் அம்மா மெதுவாகக் கேட்கிறார்: “எப்ப சார் எந்திரிக்கலாம்?”

“இன்னும் ஒரு பாட்டுதாம்மா. முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிடலாம்.”

“வூட்டுக்கு இன்னாத்துக்கு சார்? ஆடறதுக்குத்தான் கேக்கறேன். எங்க ஊர்ல பாட்டுன்னா கை கோத்துனு சுத்தி ஆடுவோங்க. இப்பிடிக் குந்தினே இருந்தா, வாசிக்கறது எங்களுக்குப் புடிக்கலன்னு புள்ளைங்க நெனச்சிக்கும்.”

கையிலிருக்கும் போன் இன்னும் பதிவு செய்துகொண்டிருக்கிறது. செல்வியின் பார்வை எங்கே இருக்கிறது என்று இப்போதுதான் கவனிக்கிறேன். தந்திகளில் இல்லை. நாற்காலிக்கடியில் அடங்கிக் கிடக்கும் அம்மாவின் கால்களைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறாள்.