படிக்கட்டின் வளைவு

ரந்தாவ் ஊர்ப் பக்கம் எண்ணெய்க்கு வளர்த்த செம்பனை மரங்களைச் சாய்த்த இடத்தில் இங்கிலாந்து வீடுகள் எழும்பின. லண்டனில் அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிக்கொண்ட வீடுகளின் அச்சாம். கதவுக்கு மேல் அரைவட்டக் கண்ணாடி, மேலே தள்ளித் திறக்கிற ஒல்லி ஜன்னல், புகையையே காணாத புகைபோக்கி. அகலம் கிடையாது, அதற்குப் பதில் மூன்று அடுக்கு. அங்கே நகரத்தில் இடமில்லை, மேலே மேலே கட்டினார்கள். இங்கே என்ன கேடு? கண்ணுக்கெட்டிய தூரம் நிலம்தான் கிடக்கிறது.

அண்ணன் அதில் ஒன்றை வாங்கி, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே ஓய்ந்துபோன அப்பாவுக்கு உச்சி அறையைக் கொடுத்தார். மரியாதைக்குத்தான். தோட்டத்தில் மாடியில் படுத்தவர் வெள்ளைக்கார துரை ஒருவர்தான். கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் தரையோடு கிடந்தவருக்கு இதைவிடப் பெருமை உண்டா என்று நானும்தான் பூரித்தேன்.

பிறகு அப்பாவின் முதுகெலும்பில் புற்று பரவியது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கைத்தாங்கலாக மாடி ஏறியவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. பார்க்க வந்த தோட்டத்துச் சனங்களுக்கோ முழங்கால் வலி, படியேற முடியாது. கீழே கூடத்தில் உட்கார்ந்து ஜெபித்து, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பேச்சுக் குரல் மட்டும் மேலே ஏறும்.

"என்னைக் கீழ எறக்கி விடுங்கப்பா," என்றார் அப்பா. "நம்ம ஆளுங்க முகத்தப் பாத்துட்டுப் போயிடுறேன்லா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, அண்ணன் தோளையும் நான் காலையும் பிடித்துத் தூக்கினோம். ஒரு ஆள் இறங்குகிற அகலம்தான் அந்தப் படி. பாதியில் சடாரென்று வளைகிறது. உடம்பை மடக்காமல் திருப்ப வழியில்லை. லேசாக மடக்கியதும் அப்பா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அலறினார். கீழே இருந்தவர்கள் படியடிக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்கள். அவர் முகமோ கூரையைப் பார்த்துக் கிடந்தது. திரும்பவும் மேலேயே கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை.

மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். சவப்பெட்டி அந்தப் படியில் ஏறாது என்று கூடத்திலேயே வைத்துவிட்டார்கள். அவர் பார்க்க ஆசைப்பட்ட முகங்கள் அத்தனையும் அதைச் சுற்றி நின்றன. நானும் அண்ணனும் அப்பாவைப் படுக்கை விரிப்பில் சுற்றித் தூக்கினோம். வளைவில் மடக்கித்தான் திருப்பினோம். வலிக்குமே என்று இந்த முறை யாரும் நிறுத்தவில்லை.