பெயர் கேட்காத கருப்பட்டிக் கடை

பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு லிங்கராஜ் கடைப்பக்கம் போகவில்லை. தூத்துக்குடியில் அவருடையது மொத்தக் கருப்பட்டிக் கடை. அங்கே பில் எழுதிய கை அது. "தம்பியே கடையப் பாக்கட்டும். நான் போயி சும்மா உக்காந்து என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

அவர் மனைவி உமாராணி, கப்பல் ஏஜென்சிகளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள். இடது கையால் தட்டினாலே பில் வருகிற மாதிரி ஒன்றைச் செய்யக் கிளம்பினாள். முதலில் வாங்குகிறவர் பெயர், எடை, பில் மூன்றையும் திரையில் எது எங்கே என்று சொல்லும் ஒரே லேஅவுட் ஃபைலில் எழுதினாள். ஒரு பட்டனைப் பெரிதாக்கினால் எடைக் கட்டம் ஓரத்துக்கு ஓடியது. அதை இழுத்துப் பிடித்தால் பில் காணாமல் போனது. வெறுத்துப்போய் மூன்றையும் தனித்தனி ஃபைலாகப் பிரித்தாள். மெயின் ஃபைலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான்: 'அந்த ஃபைலை இங்கே கொண்டுவந்து வை.' மூன்றும் ஒரே திரையில் சேர்ந்து தெரிந்தன. ஆனால் எடை பில்லுக்குப் போய்ச் சேரவில்லை. கொண்டுவந்த துண்டுக்கு மெயின் ஃபைலில் ஓர் அடையாளம் கொடுக்காவிட்டால் அது வெறும் படமாகத்தான் நிற்கும். அடையாளம் கொடுத்தாள், வேலை செய்தது.

மறுநாள் தொடுதிரை, பில் பிரிண்டர், தன் லேப்டாப்போடு அவரைக் கடைக்குக் கூட்டிப் போனாள். தருவைகுளத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பேச்சிமுத்து வந்தார். லிங்கராஜ் வழக்கம்போல ஒரு கருப்பட்டிச் சில்லை ருசி பார்க்க நீட்டினார். நீட்டியது இடது கை என்று உணர்ந்து பாதியில் நிறுத்தினார். பேச்சிமுத்து தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

கருப்பட்டி தராசில் ஏறியது. திரையோ முதலில் பெயரைக் கேட்டது. லிங்கராஜின் விரல் எழுத்துகளுக்கு மேல் தடுமாறியது.

"ஏலே லிங்கம், எம்பேரையா தேடுத? ஊருக்குள்ள விசாரிச்சிட்டு வரட்டா?"

லிங்கராஜும் சிரித்தார். ஆனால் கையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "வேண்டாம்ளா. தம்பியவே வரச் சொல்லு" என்றார் மனைவியிடம்.

உமாராணிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கடையில் யாரிடமும் முதலில் பெயர் கேட்டதே இல்லை. ருசி, எடை, ஊர்ப் பேச்சு, அதற்குப் பிறகுதான் பெயர். அவளோ ஏஜென்சிக்காரர்களுக்குச் செய்கிற பழக்கத்தில் பெயரை உச்சியில் வைத்திருந்தாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் இருங்க."

"எனக்கென்ன தாயி, இன்னொரு சில்லு குடு, பொழுதுக்கும் இருக்கேன்."

லேப்டாப்பைத் திறந்து, மெயின் ஃபைலில் பெயருக்கான வரியை வெட்டி, எடைக்கான வரிக்குக் கீழே ஒட்டினாள். பெயர் ஃபைலைத் தனியே திறந்து, எழுத்துக் கட்டத்தை எடுத்துவிட்டு, வாடிக்கைக்காரர்களின் பெயர்களைப் பெரிய பட்டன்களாக வைத்தாள். எடையும் பில்லும் இருந்த இடத்திலேயே இருந்தன.

லிங்கராஜ் எடையைத் தட்டினார். பிறகு பேச்சிமுத்துவின் பெயரை. பிரிண்டரிலிருந்து பில் சரசரவென்று வந்தது. கிழித்தவருக்கு அதை இடது கையால் கொடுக்க மனம் வரவில்லை. விழுந்த வலது கையைத் தூக்கி மேசைமேல் கிடத்தி, உள்ளங்கையில் பில்லை வைத்தார். பேச்சிமுத்து அங்கிருந்து மெல்ல எடுத்துக்கொண்டார்.

"அடுத்து ஆருளா?" என்றார் லிங்கராஜ், வாசலைப் பார்த்தபடி.