சோடாவில் சிவந்த மூலை

பிரிண்டருக்குள் துணியை விடப்போகிறேன் என்று சொன்னதும் என் கணவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அது ஆபீஸ் பிரிண்டர். ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்." எனக்கு ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் போதும், அன்றைக்கே செய்து பார்த்தாக வேண்டும்.

துணி எனக்காக அல்ல, ஓர் அக்காவுக்காக. இங்கே சைகோனில், த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோவிலில் பழக்கமானவர். அப்பா காரைக்கால்காரர், அம்மா வியட்நாமியர். சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்த மறு வருஷம் அப்பா தன் பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு விமானம் ஏறினார். சீக்கிரமே எல்லோரையும் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனவர். கொஞ்ச நாளில் கடிதமும் நின்றுபோனது. அக்கா அப்போது பள்ளிக்கூடத்துப் பெண். தமிழில் அவருக்கு மிஞ்சியவை அப்பா, சோறு, வா என்று சில சொற்கள்தான். எங்கள் பேச்செல்லாம் என் அரைகுறை வியட்நாமியத்தில் ஓடியது.

அப்பாவின் ஒரே புகைப்படம் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டி உரியத் தொடங்கியிருந்தது. வீட்டில் முன்னோர்களுக்கு ஊதுபத்தி ஏற்றும் இடத்தில் அதைத் துணியில் அச்சடித்து வைக்க அக்கா ஆசைப்பட்டார். கடைக்காரர்கள் பளபளவென்று பாலியஸ்டரில் போட்டுக் கொடுத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அப்பா பருத்தி தவிர எதையும் உடம்பில் போடமாட்டாராம். நானே செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எல்லாம் இணையத்தில் பார்த்த வித்தைதான். புதுப் பருத்தித் துணியில் ஆலைக் கஞ்சி இருக்கும். அது போகும்வரை வெந்நீரில் அலச வேண்டும். வாசனைக்காக எதையும் சேர்க்கக் கூடாது, மை பிடிக்காது. பிறகு படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, அடுத்து சலவைச் சோடாத் தண்ணீரில் முக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். சைகோன் மழைக்காலத்தில் எது உலரும்? மின்விசிறியைத் துணிக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் வியர்த்துக் கிடந்தோம். உலர்ந்ததை இஸ்திரி போட்டு, ஸ்டிக்கர் தாளில் சுருக்கமில்லாமல் ஒட்டி, ஓரத்து நூல்களையெல்லாம் கத்தரித்தேன். ஒரு நூல் உள்ளே சிக்கினாலும் கணவர் சொன்னது பலித்துவிடும்.

இணையத்தில் சொல்லாத ஒன்றையும் செய்திருந்தேன். துணியை நனைப்பதற்கு முன்னால் ஒரு மூலையில் மஞ்சள் தொட்டு வைத்தேன். புதுத் துணி என்றால் கை தானாக மஞ்சள் டப்பாவுக்குப் போய்விடும். சோடாத் தண்ணீர் பட்டதும் அது குங்குமமாகச் சிவந்துவிட்டது. எவ்வளவு அலசியும் முழுதாகப் போகவில்லை. இன்னொரு துணியை முதலிலிருந்து தயார் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. தைக்கும்போது மடிப்பில் மறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

பிரிண்டர் முனகிக்கொண்டே துணியை இழுத்தது. முதலில் நெற்றி வந்தது, பிறகு கண்கள், பிறகு மீசை. பக்கத்தில் நின்ற கணவர் பிரிண்டரை மறந்துவிட்டு, "நல்ல முகம்" என்றார்.

மறுநாள் அக்கா வந்தார். துணியை மடியில் விரித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த மூலையில் விரல் வைத்து, இது என்ன என்று கேட்டார். மை சிந்திவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தால் எனக்குத்தான் தலை வெடித்துவிடுமே. எங்கள் பக்கம் புதுத் துணியில் மஞ்சள் வைப்போம், உடுத்துகிறவர் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக, சோப்போ சோடாவோ பட்டால் அது சிவக்கும் என்று உற்சாகமாக விளக்கினேன்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. துணி ரேஷனில் கிடைத்த காலத்தில் அவருடைய அம்மா எப்படியோ பள்ளிக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தாராம். போட்டுக்கொள்ளப் போகும் நேரத்தில் அப்பா அதன் கழுத்துப் பட்டையில் மஞ்சளாக எதையோ தடவினாராம். அக்கா கத்திக் கூச்சலிட்டு, சோப்புப் போட்டுத் தேய்க்க, கறை ரத்தம்போல் சிவந்ததாம். சட்டையை அப்பாவின் காலடியில் வீசிவிட்டு, அவர் விமானம் ஏறும்வரை அவரோடு பேசாமலே இருந்தாராம்.

"அழுக்குப் பண்றார்னு நினைச்சேன்" என்றார். "இத்தனை வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

எனக்கு என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம்போல் இருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து, மஞ்சள் வைக்கும்போது என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். அன்றைக்குத் தடவும்போது அப்பா தமிழில் ஏதோ சொன்னாராம். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் சொல்வதில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

"நல்லா இரு" என்றேன்.

அவர் கண்ணை மூடி, அதை வியட்நாமிய ராகத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையசைத்து மறுத்தார். "மகராசியா இரு" என்றேன். "நல்லாப் படிச்சு முன்னுக்கு வா, கண்ணு" என்றேன். ஒரு மகளுக்கு அப்பா சொல்லக்கூடியதாக எனக்குத் தோன்றியதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக் கேட்டார்.

"இல்ல, அது இன்னும் நீளமா இருந்துச்சு" என்றார். "நான் கத்திக்கிட்டு இருந்தேன். சரியாக் கேக்கல."