நூற்று நாற்பது தப்படி

அந்தக் கேமராவைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தினால், உள்ளே மடங்கிக் கிடக்கும் லென்ஸ் மூன்று அடுக்காக வெளியே வரும். முப்பது மடங்கு ஜூம். ஆற்றின் இந்தக் கரையில் நின்றபடி, அந்தக் கரையில் குளிக்கிறவர் கையில் இருக்கும் சோப்பு என்ன நிறம் என்று சொல்லிவிடலாம். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய யாரோ, நல்ல போன் வாங்கியதும் இது எதற்கு என்று கும்பகோணத்தில் ஒரு பழைய சாமான் கடையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பள்ளிக்கூடம் ஒன்பதாவதோடு முடிந்தது. அதற்குப் பிறகு கதிர் அறுக்கும் வண்டியோடு ஆந்திரா வரை போனேன். திருப்பூரில் சாயப்பட்டறை, கல்யாண வீடியோக்காரருக்கு லைட் பிடிக்கிற வேலை, சுவாமிமலையில் சிலை வார்க்கிற ஒரு வீட்டில் மூன்று மாதம் மண் குழைத்தது என்று போயிற்று. எங்கேயும் ஒரு வருடம் முழுதாக நின்றதில்லை. இந்தக் கேமராவோடுதான் நான்கு வருடம் ஒரே வேலையில் இருந்தேன்.

வேலை இதுதான். எங்கள் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்களில் பலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குத்தகைக்காரர் தன் போனில் எடுத்து அனுப்புகிற படத்தை அவர்கள் நம்புவதில்லை. ரோட்டோரமாகப் பச்சையாக நிற்கும் பத்தடியை எடுத்து அனுப்பிவிட்டு, நடுவயலில் கோரை மண்டவிட்டிருப்பார் என்று சந்தேகம். அதனால் நான் வாரம் ஒருமுறை பைக்கில் போய், குத்தகைக்காரருக்குச் சொல்லாமல், ரோட்டில் நின்றபடியே நடுவயலைப் பக்கத்தில் இழுத்துப் படம் எடுத்து அனுப்புவேன். வலங்கைமானைச் சுற்றிப் பதினோரு பேருக்கு இப்படி அனுப்பிக்கொண்டிருந்தேன். குத்தகைக்காரர்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். சில பேர் மோர் கொடுப்பார்கள். அது அன்பு இல்லை என்று எனக்குத் தெரியும். குடித்துவிடுவேன்.

கேமராவிடம் குறைகளும் இருந்தன. பொழுது சாய்ந்துவிட்டால் படம் முழுக்கத் தவிட்டைத் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகிவிடும். ஜூமை முழுக்கத் தள்ளினால், மூச்சு விட்டால்கூட ஆடும். பைக் சீட்டின் மேல் முழங்கையை ஊன்றிக்கொள்ள வேண்டும். வெயிலில் திரை தெரியாது, கறுப்புக் கண்ணாடிபோல் என் முகத்தையே காட்டும். வெளியே வந்து உள்ளே போகிற லென்ஸ் என்பதால் அறுப்புக் காலத்துத் தூசி உள்ளே போய் வானத்தில் எப்போதும் மூன்று கறுப்புப் பொட்டு விழும். மத்தியான வேளையில் தூரத்து ஆட்களின் முகம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல நெளியும். பெரிய கேமரா வாங்கினால் இதெல்லாம் இருக்காது என்பார்கள். பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு வரப்போரம் நின்றால் ஊரே கூடிவிடும். பையிலிருந்து எடுத்து, படம் பிடித்து, பையில் போட்டுக்கொண்டு போவதற்கு இதுதான் சரி.

ஒரு வருடம் குறுவை நெல்லுக்குத் தண்ணீர் சரியாக வரவில்லை. ஆற்றில் வந்த கொஞ்சத்தையும் முறை வைத்து விட்டார்கள். நான் சொல்லும் கிராமத்தில் நான்கு நாள் மேல்மடை வயல்களுக்கு, நான்கு நாள் கீழ்மடை வயல்களுக்கு என்று ஏற்பாடு. வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஒரு இரும்பு ஷட்டர். மேல்மடை முறையின்போது அதை இறக்கி வைக்க வேண்டும். ஆனால் யாரோ மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போகிற நேரமாகப் பார்த்து இரண்டு சாண் தூக்கிவிட்டுப் போனார்கள். கீழே வயல் இருக்கிற எல்லோர் மேலும் சந்தேகம். ஊரில் விவசாயிகளுக்குத் தலைவராக இருந்தவர் என்னைக் கூப்பிட்டு, கையும் களவுமாக ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னார். அவருடைய மைத்துனரின் நிலத்துக்கும் நான்தான் படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். மறுக்க முடியாது. மறுக்கும் எண்ணமும் இல்லை. என்னை ஊர் வேலைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

ஆற்றின் எதிர்க்கரையில் நாணல் புதருக்குள் உட்கார்ந்தேன். அங்கிருந்து ஷட்டர் அரைக் கிலோமீட்டர் இருக்கும். இரண்டு நாள் யாரும் வரவில்லை. மூன்றாம் நாள், வெயில் தாங்காமல் முகம் கழுவ ஆற்றில் இறங்கிவிட்டுத் திரும்பி வந்து ஜூமைத் தள்ளிப் பார்த்தேன். ஷட்டர் தூக்கியிருந்தது. சக்கரத்தின் பக்கத்தில் தலையில் பச்சைத் துண்டு கட்டிய ஆள் ஒருவர் குனிந்து நிமிர்ந்தார். திரை சரியாகத் தெரியவில்லை. பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். ஏழு படம். பிறகு தலைவருக்குப் போன் செய்தேன்.

அவர்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஷட்டர் அருகில் யாரும் இல்லை. அந்தப் பக்கத்தில் பச்சைத் துண்டோடு இருந்தவர் ஒருவர்தான். நான் வாராவாரம் படம் எடுக்கும் ஒரு சிங்கப்பூர்க்காரரின் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். ஐம்பது வயதிருக்கும். மாதா கோயில் தெருக்காரர். தன் வயல் வரப்பில் கை முழுக்கச் சேறோடு நின்றுகொண்டிருந்தார். ஓடிவந்து நின்றுகொண்டான் என்றார்கள்.

சாயங்காலம் பிடாரி கோயில் வாசலில் கூடினார்கள். படங்களை என் போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். போன் கைமாறிக்கொண்டே போனது. அவர் கை சக்கரத்தின் மேல் இருப்பதுபோலவே இருந்தது. துண்டின் கரைகூடத் தெரிந்தது. முகம் நெளிந்திருந்தாலும் ஆளைத் தெரியாமல் போகவில்லை. இவ்வளவு தூரத்திலிருந்து எடுத்ததா என்று நாலைந்து பேர் என்னைக் கேட்டார்கள். அரைக் கிலோமீட்டர் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

மேல்மடைக்காரர் ஒருவர் மட்டும் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆளு கொஞ்சம் சின்னதாத் தெரியிறாரே" என்றார்.

"திருடுறப்போ ஆளு சுருங்கித்தான் போவான்" என்றார் பக்கத்தில் இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

குத்தகைக்காரர் சொன்னது ஒன்றுதான். என் வரப்பில் நண்டு பொந்து போட்டுத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது, அதைக் களிமண் வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன், ஷட்டர் எங்கே நான் எங்கே என்றார். நண்டு ஷட்டரிலும் பொந்து போட்டுவிட்டதா என்று ஒருவர் கேட்டார். மறுபடியும் சிரிப்பு.

எங்கள் பக்கத்தில் இந்த மாதிரித் தகராறு சத்தியத்தில் தீரும். கோயிலில் கற்பூரம் ஏற்றி, குற்றம் சொல்லப்பட்டவர் அதைக் கையால் அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் பேச்சு இல்லை. எதிரியாக இருந்தாலும் விட்டுவிடுவார்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பது எல்லோருக்கும் உள்ள பயம். தலைவர் கற்பூரத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். குத்தகைக்காரர் பின்வாங்கினார்.

"நான் இதுல கை வைக்கக் கூடாதுங்க. மாதா கோயிலுக்கு வாங்க. பைபிள் மேல கை வச்சு, எம் புள்ளைங்க மேல சத்தியம் பண்றேன். எல்லாரும் வாங்க."

"தண்ணி மட்டும் எங்க வாய்க்கால்ல வேணும், சத்தியம் உங்க கோயில்லயா" என்றார் ஒருவர். மாதாவுக்கு ஷட்டர் எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்றார் இன்னொருவர்.

மற்ற வருடமாக இருந்தால் அந்த இடத்தில் பேச்சு இழுத்திருக்கும். பெரியவர்கள் இரண்டு பேர் மாதா கோயில் சாமியாரைப் பார்க்கப் போயிருப்பார்கள், ஏதாவது ஒரு நடுவழி வந்திருக்கும். இந்த முறை அதற்குத் தேவையில்லாமல் போனது. கையில் படம் இருந்தது. குத்தகைக்காரரும் அதைப் புரிந்துகொண்டார்போல. கூட்டத்தை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க எடுத்தவங்க. நீங்களே சொல்லுங்க. நான் எங்க நின்னேன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவரை வெறும் கண்ணால் பார்க்கவே இல்லை என்பதை அப்போது சொல்லியிருக்கலாம். கேமரா நன்றாக இல்லை என்று ஆகிவிடும் என்று தோன்றியது.

"படத்துல என்ன இருக்கோ அதாண்ணே" என்றேன்.

அவர் வயல் மடையை அடைத்துவிட்டார்கள். அடுத்து வரும் இரண்டு முறையிலும் தண்ணீர் கிடையாது. எட்டு நாளுக்கு ஒரு தரம்தான் கீழ்மடைக்கு வரும். பயிர் கதிர் வெளியே தள்ளிப் பூக்கிற சமயம். அந்தச் சமயத்தில் பத்து நாள் காய்ந்தால் என்ன ஆகும் என்று அங்கே கூடியிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அதனால்தான் அந்தத் தண்டனை.

மூன்று நாள் கழித்து வழக்கமான படம் எடுக்கப் போனேன். ரோட்டில் நிற்காமல் வயலுக்குள் இறங்கி அவர் வரப்பில் நடந்தேன். நண்டுப் பொந்துகள் வரிசையாக அடைபட்டிருந்தன. களிமண் காய்ந்து வெடித்திருந்தது. விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. அங்கிருந்து ஷட்டர் வரைக்கும் தப்படி போட்டு எண்ணினேன். நூற்று நாற்பது. நடுவில் வேறு இரண்டு பேர் வயல்கள் இருந்தன.

பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து அந்த வரப்பின் முனையில், பொந்துகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். எதிர்க்கரைக்குப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்து, முதலில் ஜூம் இல்லாமல் எடுத்தேன். ஷட்டர் ஒரு புள்ளி, பைக் அதற்குப் பின்னால் தள்ளி இன்னொரு புள்ளி. பிறகு ஜூமை முழுக்கத் தள்ளினேன். என் பைக் ஷட்டர் சக்கரத்தின் மேல் சாய்ந்து நின்றது.

ஜூம் தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவருகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒன்றின் பின்னால் ஒன்றாக இருக்கிறவற்றையும் சேர்த்து நசுக்கி ஒரே இடத்தில் வைத்துவிடுகிறது. கல்யாண வீடியோக்காரரின் பெரிய கேமராவில் ஒரு ஆளைப் பிடித்தால் பின்னால் இருப்பது மங்கிப்போகும்; எது முன்னே எது பின்னே என்று தெரிந்துவிடும். இதற்குள் ஒளியை வாங்கும் சில்லு சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அதனால் முன்னும் பின்னும் எல்லாம் ஒரே தெளிவு. அந்தத் தெளிவைத்தான் நான் நான்கு வருடமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தலைவர் வீட்டுக்குப் போய் இரண்டு படத்தையும் காட்டினேன். விளக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. சாப்பிட்டியா என்று கேட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

"அவன் தூக்கலைன்னா வேற எவனோ தூக்கியிருக்கான். அது எவன்னு நாளைக்கு ஊரு என்னைக் கேக்கும். நீ காட்டுவியா?"

தெரியாது என்றேன். யார் தூக்கியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"இந்தப் படம் வெளிய போச்சுன்னா, அப்புறம் நீ அனுப்புற படத்தை எவன் நம்புவான்? வெளிநாட்டுல இருக்கறவன் காதுக்கு ஒரு நாள்ல போயிடும். பாத்துக்க. அழிச்சிட்டுப் போ."

அவர் எதிரிலேயே அழித்தேன். போனில் ஒருமுறை, கேமராவின் கார்டில் ஒருமுறை. அவருடைய வீட்டம்மா தோசை வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மழை வரவில்லை. குத்தகைக்காரர் பக்கத்து போர்வெல்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறார். ஊர் நிறுத்திய வயலுக்கு நான் எப்படி விடுவது என்று அவர் சொல்லிவிட்டார். குத்தகைக்காரரும் மனைவியும் வாய்க்கால் குட்டையில் தேங்கியதைக் குடத்தில் மொண்டு ஊற்றினார்கள். ஒன்றரை ஏக்கருக்குக் குடத்தில் ஊற்றுவது என்பது சும்மா இருக்க முடியாமல் செய்கிற வேலை. நான் ரோட்டிலிருந்து அதையும் எடுத்தேன்.

சிங்கப்பூர்க்காரருக்கு வாரம் தவறாமல் படம் போனது. முதல் வாரம் இலை சுருண்டது. இரண்டாம் வாரம் கதிர்கள் வெளுத்து நேராக நின்றன; மணி பிடித்த கதிர் தலை சாயும், இது சாயவில்லை. இந்த வேலைக்கு அந்தக் கேமராவை அடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பதரையும் எண்ணலாம். ஏன் இப்படிக் காய்கிறது, தண்ணீர் பாய்ச்சவில்லையா என்று கேட்டு அவர் குரல் செய்தி அனுப்பினார். ஊர் நிறுத்திவிட்டது என்றேன். எதற்கு என்றார். பழைய ஏழு படங்களையும் அனுப்பினேன். திருட்டுப் பேர் வாங்கினவருக்கு இனி நிலம் இல்லை, வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். வேறு ஆள் பார்த்துக் கொடுத்ததும் நான்தான்.

வைக்கோலுக்காவது ஆகும் என்று பழைய குத்தகைக்காரர் அறுத்துக்கொண்டிருந்த நாளில் கடைசிப் படம் எடுக்கப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் அரிவாளைப் போட்டுவிட்டு வரப்பில் நடந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். பைக்கை ஸ்டார்ட் செய்தே வைத்திருந்தேன்.

"தம்பி, நான் ஷட்டர்கிட்ட நிக்கிற படம் இருக்கில்ல. அதை எனக்கு ஒண்ணு அனுப்புங்க."

எதற்கு என்று கேட்டேன்.

"வீட்டுல அவளும் நம்ப மாட்டேங்குறா. தூக்கியிருந்தா சொல்லிடுங்க, சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கலாம்னுதான் தினம் சொல்றா. படத்தை வச்சு, இதான் நம்ம வரப்பு, இதான் ஷட்டர்னு காட்டிட்டா புரிஞ்சுக்குவா. சேத்துல வேலை செஞ்சவதானே."

அனுப்பினேன். அவர் போனின் கண்ணாடி மூலையில் உடைந்திருந்தது. சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு படத்தைத் திறந்து, இரண்டு விரலால் விரித்தார். தன் கையையும் சக்கரத்தையும் விரித்து விரித்துப் பார்த்தார். இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் தள்ளினார்.

"நடுவுல ரெண்டு பேரு வயல் இருக்கணுமே தம்பி. அது எங்க?"

"அது இதுல விழலண்ணே."

"வேற படத்துல இருக்குமா?"

"இல்லண்ணே" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். போனைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். கீழே கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அறுக்க ஆரம்பித்தார். நான் சிங்கப்பூருக்கு எடுக்க வேண்டிய படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.