கூடவே வரும் காவல்காரி

மீன்தொட்டிகளுக்குக் குழாய் வேலை செய்யும் அந்த மனிதரை நாலு தெருவுக்குத் தெரியும். அவரைவிட அவர் மனைவியை நன்றாகத் தெரியும். புருஷன் எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் அவளும் போவாள். ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தால், மடியில் கைப்பையோடு வேலை முடியும்வரை நகர மாட்டாள். அவளுக்குக் காவல்காரி என்று பெயர் வைத்தவர், அவருக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் வளர்ப்பு மீன்கடைக்காரர். கட்டிய புருஷனை ஒரு மணி நேரம்கூட நம்பி வெளியே விடாதவள் என்று ஊரே சிரித்தது.

உண்மை வேறு. கான்கிரீட் சுவர்களில் துளை போட்டுப் போட்டே அவருக்குக் காது போய்விட்டது. முகம் பார்த்துப் பேசினால் உதட்டை வைத்துச் சமாளித்துவிடுவார். மெல்லிய இரைச்சல் சுத்தமாகக் கேட்காது. அவருக்குக் கிடைத்ததோ இரைச்சலை அடக்கும் வேலை. பம்பு சத்தமில்லாமல் ஓட வேண்டுமா, அவரைக் கூப்பிடுங்கள் என்று மீன்கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். காது கேட்காது என்று தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்? அதனால்தான் மனைவி கூட வந்தாள். இரைச்சல் இருந்தால் பையைத் தரையில் இறக்குவாள், அடங்கிவிட்டால் தோளில் மாட்டுவாள். செவிடன் என்ற பெயரைவிடப் பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்ற பெயர் அவருக்குச் சௌகரியமாக இருந்தது. அந்தச் சௌகரியத்துக்கு அவள் பெயர்தான் கெட்டது, அதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆறு வருஷம் அவளும் சிரித்தே ஒப்பேற்றிவிட்டாள். போன வாரம்தான் சுருக்கென்று தைத்தது. கட்டிக்கொடுத்த மகள் போனில் கேட்டாள்: "ஏம்மா அப்பாவை இப்படிச் சந்தேகப்படற? என் மாமியார் வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. எனக்கு வெக்கமா இருக்கு." அப்பாவின் காது விஷயம் மகளுக்குக்கூடத் தெரியாது. போன் வந்தாலே, வேலையாக இருக்கிறேன் என்று கையைக் காட்டிவிடுவார். அவளிடமாவது சொல்லிவிடுங்கள் என்று மனைவி கெஞ்சியதற்கு, பார்க்கலாம் என்று தட்டிக்கழித்துவிட்டார்.

இந்த வாரம் வேலை ஒரு டீச்சர் வீட்டில், மூன்றாவது மாடி. கூடத்தில் பெரிய மீன்தொட்டி. அதன் கீழே அலமாரிக்குள் தண்ணீரை வடிகட்டும் இன்னொரு தொட்டி. வடிகட்டிய தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றும் பம்பு, அந்தக் கீழ்த்தொட்டிக்கு வெளியே இருந்தது. முன்பு வந்த யாரோ ஒரு புண்ணியவான் பம்புக்குத் தண்ணீர் வரும் குழாயை ஒல்லியாகப் போட்டு, பம்பை வெறும் பலகைமேல் உட்கார வைத்திருந்தான். தண்ணீர் போதாமல் அது கடகடவென்று கத்திக்கொண்டிருந்தது.

அவர் பெரிய குழாயாக மாற்றினார். தொட்டியைக் காலி செய்யாமலே நாளைக்குப் பம்பைக் கழற்ற முடிகிற மாதிரி, இரண்டு பக்கமும் வால்வும், திருகிக் கழற்றும் யூனியன் இணைப்பும் வைத்தார். பம்புக்கு அடியில் தடித்த ரப்பர், மேலே ஏறும் வழியில் ஒரு சாண் அளவுக்கு வளையும் ஹோஸ். வேலையில் அவரைக் குறை சொல்லவே முடியாது.

குழாய்களை ஒட்டிய பசை காயும் நேரத்தில், வீட்டுக்காரம்மா எப்போதும் கூடவே வருவார்களா என்று டீச்சர் கேட்டாள். அவர் வழக்கமான பதிலை எடுத்துவிட்டார்: "என்ன பண்றது டீச்சர், என்னைத் தனியா விட இவளுக்குப் பயம்." டீச்சர் காவல்காரி பக்கம் குனிந்தாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

"தங்கமான மனுஷனாத் தெரியறாரு. இவ்வளவு சந்தேகம் ஆகாதும்மா. பெத்த பொண்ணே மதிக்காது."

வாயைத் திறந்தால் ஆறு வருஷமும் கொட்டிவிடும் என்று காவல்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவர் பம்பைப் போட்டார். கடகட சத்தம் போய்விட்டது. ஆனால் மேலே ஏறும் குழாய் அலமாரியின் பின்பலகையில் உரசி, பலகை முழுக்க ரீங்காரம் போட்டது. அவர் பம்பைத் தொட்டுப் பார்த்தார். கைக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மனைவியைப் பார்த்தார். பை மடியிலேயே இருந்தது. இறக்கவும் இல்லை, மாட்டவும் இல்லை. அவள் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை பார்த்தார். அவள் திரும்பவே இல்லை.

அவர் பம்பை நிறுத்தினார். துணியில் கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"டீச்சர், எனக்குக் காது கேக்காது. சத்தம் இருக்கா இல்லையான்னு சொல்லத்தான் இவ வரா. சந்தேகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் அப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

கேட்காத மனிதரின் குரல். கீழ்வீடு வரை கேட்டிருக்கும். டீச்சருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காவல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், குழாய் பலகையில் உரசும் இடத்தை விரலால் காட்டினாள். அங்கே ஒரு துண்டு ரப்பரைச் செருகியதும் பலகை அடங்கியது.

மாடிப்படி இறங்கும்போது பாதியில் நின்று அவளிடம் போனை வாங்கினார். மகளை அவரே கூப்பிட்டார். அவள் எடுத்ததும் திரையில் நொடிகள் ஓட ஆரம்பித்தன.

"அப்பா பேசறேன். நீ பேசறது எனக்குக் கேக்காது, நான் சொல்றதை மட்டும் கேளு."

எல்லாவற்றையும் சொன்னார். இரண்டாவது மாடியில் கதவுகள் திறந்து மூடின. முடித்ததும் போனை மனைவியின் காதருகே பிடித்தார்.

"என்ன சொல்றா?"

"அம்மாகிட்ட குடுங்கன்னு அழறா" என்றாள்.