காளியண்ணன் அடைத்த குழாய்

என் அக்காள் அம்சவள்ளியின் புருஷன் காளியண்ணன் மச்சானை உட்கார்ந்த நிலையில் பார்த்தவர்கள் குறைவு. சோறு தின்னும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு லயத்து வீட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். மலேசியாவில் புக்கிட் ரோத்தானை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் அவருக்குப் புகைவீட்டில் வேலை. ஈர ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, விறகு மூட்டி, புகையில் காயவைக்க வேண்டும். பலகை இடுக்கில் நூலளவு புகை வெளியே தெரிந்தாலும் மச்சான் களிமண்ணும் கந்தலுமாக ஓடுவார். கூரையிலிருக்கும் காற்றுக் கதவை மட்டும் அவர் சொல்லாமல் யாரும் திறக்கவும் கூடாது, மூடவும் கூடாது.

இந்தப் பதற்றம் பிறவியில் வந்ததல்ல. அக்காளுக்கு முதல் பிரசவ வலி கண்ட அன்று தோட்டத்து லோரி ஷீட் ஏற்றிக்கொண்டு வெளியே போயிருந்தது. அது திரும்பும்வரை மச்சான் லயத்துக்கும் சாலைக்குமாக ஓடினார். லோரி வந்தது, ஆஸ்பத்திரிக்கும் போனார்கள், பிள்ளைதான் தங்கவில்லை. அக்காள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் எங்கோ அலைந்து ஒரு பழைய மோரிஸ் காரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எண்பத்து நான்காம் வருஷம் அது.

“இனிமே எவன் லோரிக்கும் காத்துக்கெடக்க மாட்டேன், மாப்ள” என்றார் என்னிடம்.

நான் அப்போது ரவாங்கில் தொழிற்சாலை வேலையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனால் கார் வாசலில் நிற்கும், மச்சான் காருக்கடியில் கிடப்பார். அவருடைய இரண்டு கால்களோடுதான் நான் பேச வேண்டியிருக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கால்கள் என்னைக் கூப்பிட்டன.

“சேது, இங்க குனிஞ்சு பாரு. பொகை ஒழுவுது.”

இன்ஜினின் பக்கவாட்டிலிருந்து ஒரு குழாய் வளைந்து தரையைப் பார்த்து நின்றது. அதன் வாயிலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. மேலே எண்ணெய் ஊற்றும் மூடியின் துளைகளிலும் லேசாக ஆவி தெரிந்தது.

“பழைய காரு மச்சான், அப்படித்தான் இருக்கும். விடுங்க லா” என்றேன்.

விடுகிற ஆளா அவர்? ரப்பர் மரக் குச்சியைச் சீவி, கந்தல் சுற்றி, குழாய்க்குள் அடித்து இறக்கினார். டயர் டியூப்பைக் கீறி இறுக்கிக் கட்டினார். மூடிக்கும் ஒரு துண்டு ரப்பர் ஷீட்டை வெட்டி உள்ளே கொடுத்து, துளைகளை மூடி முறுக்கினார். புகை நின்றது. அன்று முழுக்க அவருக்கு ஒரே பெருமை.

அது ஓட்டையல்ல. இன்ஜினுக்குள் பெட்ரோல் எரியும்போது உண்டாகும் காற்றில் கொஞ்சம் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களைத் தாண்டி, கீழே எண்ணெய் கிடக்கும் வயிற்றுக்குள் இறங்கிவிடும். புது இன்ஜினிலும் இறங்கும், தேய்ந்த இன்ஜினில் இன்னும் அதிகம். அந்தக் காற்றும் அதோடு சேர்ந்த ஈரமும் பெட்ரோல் ஆவியும் வெளியேறத்தான் அந்தக் குழாய். கார் ஓடும்போது அடியில் வீசும் காற்று அதை உறிஞ்சி எடுக்கும். மேலே மூடியின் துளை வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். மச்சான் இரண்டையும் அடைத்துவிட்டார். எனக்கும் இதெல்லாம் அப்போது தெரியாது.

போக வழியில்லாத காற்று எண்ணெயைத் தள்ளத் தொடங்கியது. முதலில் இன்ஜினின் முன்பக்கம் கசிந்தது. மச்சான் பசை பூசினார். பின்பக்கம் கசிந்தது. அங்கும் பூசினார். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி தானாக மேலே எழும்பி நின்றது. அதைக் கம்பி போட்டுக் கட்டினார். அக்காளுக்கு மாதம் ஏற ஏற இவருக்கு நடை ஏறியது. சாப்பாடு இறங்கவில்லை. விடிந்ததும் காருக்கடியில் மண்ணைத் தடவிப் பார்ப்பார், ஈரமாக இருந்தால் அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டார்.

பட்டறைக்குக் கொண்டுபோனோம். எங்கும் எண்ணெய் வழிவதைப் பார்த்த பட்டறைக்காரர், “சீல் எல்லாம் போச்சு. இன்ஜின பிரிக்கணும், கார விட்டுட்டுப் போங்க” என்றார்.

“விட்டுட்டா? புள்ள இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு, நீ என்னய்யா பேசுற!” என்று மச்சான் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காளுக்கு வலி கண்டது. முன்பு நடந்ததை மனதில் வைத்து, கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். அக்காள் பின்னால் படுத்துக்கொண்டாள், நான் முன்னால் ஏறினேன். ஜெராம் ஊரைத் தாண்டும் முன்பே காருக்குள் எண்ணெய் கருகும் வாடை. அக்காள் ஜன்னல் பக்கம் தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். இன்ஜின் எண்ணெய் குறைந்தால் எரியும் விளக்கு சிவப்பாக மினுங்கியது.

மச்சான் ஒரு தென்னந்தோப்பு ஓரமாகக் காரை நிறுத்தி முன்மூடியைத் திறந்தார். கட்டிய கம்பியை அறுத்துக்கொண்டு அளவுக் கம்பி வெளியே கிடந்தது. இன்ஜின் முழுக்க எண்ணெய். பின்னால் அக்காள், “ஏங்க, என்னால முடியல” என்று முனகினாள்.

எண்ணெய் ஊற்றலாமென்று மச்சான் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று ஆவி பாய்ந்து அவர் முகத்தில் அடித்தது. மூடியின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். அவர் வைத்த ரப்பர் துண்டு ஊறி உப்பியிருந்தது. அதன்மேல் முத்து முத்தாக நீர் கோத்து நின்றது.

“வேர்த்திருக்கு” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“முத நாள் ஈர ஷீட்ட தொங்கவிட்டுட்டுக் கூரைக் கதவத் தொறக்காம வுட்டா இப்படித்தான் வேர்க்கும். ஷீட்டு பூரா கொப்புளமாயிரும். அதுக்காக நான் எத்தன பேர ஏசியிருக்கேன் சேது... நானே அடைச்சு வச்சிருக்கேனே!”

அப்படியே காருக்கடியில் புகுந்தார். குச்சி லேசில் வரவில்லை. சுடுகிற இன்ஜினில் கை பட்டு அவர் கத்தியது எனக்குக் கேட்டது, ஆனாலும் விடவில்லை. பிடுங்கிய குச்சியோடு வெளியே வந்தபோது முழங்கைவரை எண்ணெயும் தீக்காயமுமாக இருந்தார். பின்னாலிருந்த டின் எண்ணெயை ஊற்றி, அளவுக் கம்பியைச் செருகி, ரப்பர் துண்டை எறிந்துவிட்டு மூடியைப் போட்டார். சிவப்பு விளக்கு அணைந்தது. கிள்ளான்வரை குழாய் புகைந்துகொண்டே வந்தது. மச்சான் ஒருமுறைகூட இறங்கிப் பார்க்கவில்லை.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று நர்ஸ் சொன்னபோது மச்சான் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தார். கேட்ட பிறகும் நடந்தார். உள்ளே விட்டபோது அக்காளின் கட்டிலருகில் நின்று, “வள்ளி, எல்லாம் என்னாலதான். கார அடைச்சு வச்சது நான்தான். இதையும் நானே கொன்னுருப்பேன்” என்று விம்மினார்.

அக்காள் அவருடைய கையைப் பார்த்தாள். “மொதல்ல மருந்து போடுங்க” என்றாள்.

“போடலாம். கார்ல எண்ண எறங்கியிருக்கும், ஒரு எட்டு பாத்துட்டு...”

“காரு கெடக்கட்டும். இத புடிங்க.”

குழந்தையை அவர் மடியில் வைக்க வேண்டுமென்றால் அவர் உட்கார வேண்டும். உட்கார்ந்தார். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னாள், அவர் நிமிரவில்லை. நான்தான் சாவியை வாங்கிக்கொண்டு போய் எண்ணெய் பார்த்துவிட்டு வந்தேன்.