ஒண்ணை அமுக்கினால் போதும்

சிட்லபாக்கத்தில் அந்தத் தெருவில் நெட் படுத்தினால் யாரும் கஸ்டமர் கேருக்குப் போன் போடுவதில்லை. சத்யநாராயணன் சாரைத்தான் கூப்பிடுவார்கள். பொதுப்பணித் துறையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். "மோடத்தை டிவிக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்காதீங்க, ஹால்ல உசரமா வைங்க. பாஸ்வேர்டுல பொண்ணு பேரு வேண்டாம், வாசல்ல நின்னு நீங்க கூப்பிடறது ஊருக்கே கேக்குது" என்பார். கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், காசு வாங்காத மனிதர்.

எதிரே அடுக்குமாடி எழும்பியதிலிருந்து அவர் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் செத்துப்போனது. அவர் அசரவில்லை. தன் போனிலும் மனைவி ரமாவின் போனிலும் வைஃபை காலிங்கை ஆன் செய்தார். அன்றிலிருந்து அழைப்பெல்லாம் மோடத்தின் வைஃபை வழியாகக் கணீரென்று வந்தது.

ரமாவின் அக்கா ரோஹிணி ராஜகீழ்ப்பாக்கத்தில் தனியாக இருந்தார். சர்க்கரை வியாதி, அடிக்கடி மயக்கம். அவருக்கு ஒரு பட்டன் போன் வாங்கி, கழுத்தில் கயிறு போட்டு மாட்டி, ஒன்றாம் எண்ணில் தன் நம்பரைப் பதித்துக் கொடுத்தார் சத்யநாராயணன். "அக்கா, எது ஆனாலும் ஒண்ணை அமுக்கினா போதும். பத்தே நிமிஷத்துல வந்து நிப்பேன்." அந்த வார்த்தையை நம்பித்தான் ரமா நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மனை, தையல் மெஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும்கூட. பூஜையில் வைத்ததை விஜயதசமி காலை வரை தொடக்கூடாதே! "அதுவும் ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று மோடத்தின் சுவிட்சை அணைத்தார். ஊருக்கெல்லாம் செட்டிங் சொல்கிறவருக்குத் தன் வீட்டு செட்டிங் மறந்துபோயிற்று. சாயங்காலம் முழுக்க போன் அடிக்கவில்லை. எவ்வளவு நிம்மதி பார் என்று சுண்டலைக் கொறித்துக்கொண்டே ரமாவிடம் வேறு சொன்னார்.

மறுநாள் காலை ரோஹிணி வீட்டில் வேலை செய்யும் அங்காளம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"இன்னா சார், எத்தினி வாட்டி போன் போடறது? போவவே மாட்டேங்குது! இப்போதான் சாவி போட்டுத் தொறந்தேன், அம்மா பாத்ரூம்ல வுயுந்து கெடக்குது சார். நேத்து சாயங்காலமே வுயுந்துச்சாம். பக்கத்து வூட்டுக்காரங்க ஆம்புலன்ஸுக்கு சொல்லிக்கினு கீறாங்க."

சத்யநாராயணனின் கண் மோடத்துக்குப் போனது. குங்குமப் பொட்டோடு, ஒரு விளக்கும் எரியாமல் உட்கார்ந்திருந்தது. அவர் பார்த்த இடத்தையே ரமாவும் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இனி நடப்பது கஷ்டம்தான் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ரோஹிணி அவரைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார்.

"பூஜை நேரத்துல தொந்தரவு பண்ணிட்டேனா சத்யா? நீ சொன்ன மாதிரி ஒண்ணையேதான் அமுக்கிக்கிட்டு இருந்தேன். வேற யாரையும் கூப்பிடணும்னே தோணலை."

அவருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. ஒன்றாம் எண்ணில் வேறு நம்பரைப் பதித்துத் தரலாம் என்று போனுக்குக் கையை நீட்டினார்.

ரமா அக்காவின் கழுத்திலிருந்து அதை மெல்லக் கழற்றித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.